அழகுபாண்டி சாரின் குழாய்க் கீரை

அழகுபாண்டி சார் திருநகரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியார். கழுத்தில் விசில் தொங்காத அழகுபாண்டியை அவர் மனைவி கனகலட்சுமியே கல்யாண ஆல்பத்தில்தான் பார்த்திருக்கிறாள். சொந்த ஊர் வாடிப்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம்.

"நம்ம ரத்தத்துலயே விவசாயம் ஓடுதுல்ல" என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி சொல்லுவார்.

உண்மையில் ஓடியது விவசாயம் அல்ல. விவசாயத்தைக் கண்டு அவர்தான் ஓடினார். நடவு என்றால் அன்றைக்குப் பார்த்து கபடிப் போட்டி இருக்கும். களையெடுப்பு என்றால் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும். வயலைக் கட்டி மாரடித்ததெல்லாம் அண்ணன் கருப்புதான். அப்படி ஓடி ஓடிப் பழகியதுதான் பின்னால் வேலையும் வாங்கிக்கொடுத்தது என்பதால் யாரும் குறை சொல்வதற்கில்லை.

ஐம்பதை நெருங்கும்போது அந்த ரத்தம் திடீரென்று விழித்துக்கொண்டது. தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சிக்குப் பெரிய அப்பளம் தின்னப் போன இடத்தில், மண்ணே இல்லாமல் குழாய்க்குள் கீரை வளர்ப்பதை ஒரு கடையில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"களை வராது, புழு வராது, குனியவே வேணாம் சார்" என்றார் கடைக்காரர்.

குனிய வேண்டாம் என்ற சொல்லில் சார் விழுந்துவிட்டார்.

மொட்டை மாடியில் படிக்கட்டு மாதிரி வெள்ளைக் குழாய்கள் ஏறின. குழாய் நெடுக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு வலைக் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு நாற்று. கீழே ஒரு தொட்டி. மீன்தொட்டியில் ஓடுவது போன்ற குட்டி மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். அது வேர்களை நனைத்துக்கொண்டே இறங்கித் தொட்டிக்கே திரும்பும். மண்ணில் கிடைக்க வேண்டிய சத்துக்கு ஏ, பி என்று இரண்டு பாட்டில்கள். அவற்றை எப்படிக் கலக்க வேண்டும் என்று கடைக்காரர் பொறுமையாகச் சொன்ன நேரத்தில் சாரின் கவனம் முழுக்க அப்பளத்தில் இருந்தது.

நாற்று வைத்த அன்றே படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். வாடிப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் மச்சினன் முத்திருளனிடமிருந்து உடனே பதில் வந்தது.

"மச்சான், மண்ணு இல்லாம இம்புட்டு நாளா வளந்தது உங்க தொப்ப ஒண்ணுதான்."

கனகலட்சுமி தம்பியின் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். சாருக்கு அதுதான் தாங்கவில்லை. போனை எடுத்தார்.

"மாப்ள, சித்திரை பொறக்கட்டும். குடும்பத்தோட வா. என் கீரையில உனக்குச் சோறு போடுறேன். தின்னுட்டு அப்புறம் பேசு."

"வாரேன் மச்சான். எதுக்கும் வரும்போது ஒரு கட்டுக் கீரை வாங்கிட்டு வாரேன்."

நாற்றுகள் முதலில் இரண்டு இலை விட்டன, பிறகு அப்படியே நின்றுவிட்டன. இலை வெளிறியது. சார் சத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். இன்னும் வெளிறியது. ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்புதான் காரணம் என்று முடிவு கட்டி, கனகலட்சுமி பிடித்து வைத்த குடிதண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குத் தூக்கினார். வீட்டில் ரசம் உப்புக் கரித்ததுதான் மிச்சம். பங்குனி வெயில் மாடியைத் தோசைக்கல்லாக்கியது. தொட்டித் தண்ணீர் கையைச் சுட்டது, வேர்கள் பழுப்பேறி வழவழத்தன, குழாய்க்குள் பாசி பிடித்து நாறியது. காலையில் நாற்றுகளுக்கு முன்னால் விறைப்பாக நின்று விசில்கூட ஊதிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. நாற்றுகள் தலையைத் தொங்கப்போட்டன.

சித்திரை பிறந்தது, முத்திருளனும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டான்.

அன்று விடிந்ததும் சார் தெருமுனைக்குப் போனார். கீரைக்காரி சோலையம்மாளிடம் வேரோடு பிடுங்கிய முளைக்கீரையை வாங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். பழைய நாற்றுகளைப் பிடுங்கிப் பக்கத்து மனையில் எறிந்தார். வாங்கியதை அவசரமாக அலசி, கிண்ணத்துக்குக் கிண்ணம் சொருகினார். தூரத்தில் நின்று பார்த்தால் பச்சைப் பசேல் என்றிருந்தது. அவருக்கே ஒரு நிமிடம் பெருமையாகப் போய்விட்டது.

முத்திருளன் எல்லோரோடும் மாடிக்கு வந்து வாயைப் பிளந்தான்.

"மச்சான்... நெசமாவா?"

"ரத்தம் மாப்ள, ரத்தம்."

உரக்கடைக்காரன் கை சும்மா இருக்குமா? வேர் எப்படி இருக்கிறது என்று ஒரு கிண்ணத்தைத் தூக்கினான். வேர்ச் செம்மண் உதிர்ந்தது. அதோடு, கொழுத்த மண்புழு ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்து நெளிந்தது.

முத்திருளன் கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினான். மண்புழு நெளிந்துகொண்டே இருந்தது.

"மச்சான்," என்றான் முத்திருளன் மெதுவாக, "மண்ணில்லா விவசாயத்துல இவரு யாரு?"

கனகலட்சுமி சிரித்த சிரிப்பில் தொட்டி மூடிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். முத்திருளன் பெண்டாட்டி முத்துமீனா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கீழே ஓடினாள். சார் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் சோலையம்மாள் கீரைதான். நன்றாகத்தான் இருந்தது. சார் மட்டும் அதைத் தொடவில்லை.

மறுநாள் குழாய்களைப் பழைய சாமான் கடைக்குப் போடக் கழற்ற ஆரம்பித்தவரைக் கனகலட்சுமி தடுத்தாள்.

"சிரிக்க வேண்டியவுக எல்லாம் சிரிச்சு முடிச்சாச்சு. இனிமே என்ன பயம்? என்ன கேடுன்னு பாத்துட்டுத் தூக்கிப் போடுவோம்."

சேலையைச் சொருகிக்கொண்டு தொட்டியை அவளே கவிழ்த்தாள். அடியில் இட்லி மாவு போல வெள்ளையாக என்னவோ படிந்து கிடந்தது.

"ஏங்க, இது என்னத்த?"

"சத்துதான். ரெண்டு பாட்டில எதுக்குத் தனித்தனியா வச்சுக்கிட்டுன்னு ஒரே கேன்ல ஊத்தி வச்சேன். தயிரு மாதிரி ஆச்சு. கெட்டியா இருந்தா நல்லதுதானேன்னு..."

"ஒண்ணா ஊத்தலாம்னா அவன் எதுக்கு ரெண்டா குடுக்குறான்?"

சார் கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் எதிர்முனையில் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது. ஏ-யில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பி-யோடு நேரடியாகச் சேர்ந்தால் கட்டிப்பட்டு அடியில் உட்கார்ந்துவிடுமாம். செடிக்குப் போய்ச் சேர்வது வெறும் தண்ணீர்தானாம். முதலில் தொட்டித் தண்ணீரில் ஏ-யை ஊற்றிக் கலக்கிவிட்டு, அப்புறம் பி-யை ஊற்ற வேண்டுமாம்.

"அன்னைக்கே சொன்னேனே சார்!"

"அப்பளம் கொஞ்சம் சத்தமா நொறுங்கிருச்சுண்ணே" என்றார் சார்.

அதற்குப் பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகக் குனிந்தார். குழாய்களைத் தேய்த்துக் கழுவினார். மோட்டாரின் வாயை அடைத்திருந்த பாசியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தார். தொட்டிக்கு ஈரச் சாக்கைச் சுற்றி, மேலே பச்சை வலைப்பந்தல் கட்டினார். பாலக் கீரை நாற்றுகளைப் புதிதாக வைத்தார். வெளிச்சம் புகுந்தால் பாசி வரும் என்பதால் காலி ஓட்டைகளுக்கெல்லாம் மூடி போட்டார். தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். காகிதத்தை நனைத்து நிறம் பார்ப்பதும், கடைக்காரர் சொன்னபடி அதைச் சரிக்கட்டச் சொட்டு மருந்து விடுவதும் தினசரி வேலையாயிற்று. கனகலட்சுமி பக்கத்தில் நின்று "ஏ ஊத்தியாச்சா? கலக்கியாச்சா? இப்ப பி" என்று அதிகாரம் பண்ணினாள். இத்தனை வருஷம் பிள்ளைகளை விரட்டியவருக்கு, விரட்டப்படுவதும் பிடித்திருந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி முடிவதற்குள் குழாயெல்லாம் பாலக் கீரை பொங்கி வழிந்தது. கீரைக் கூட்டு, கீரை வடை, கீரைச் சப்பாத்தி என்று வீடே பச்சையடித்துப்போனது. "இன்னொரு தடவ கீரைன்னு சொன்னீக, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று கனகலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். மிச்சத்தைத் தெருவுக்கு விநியோகித்தார். கீரைக் கட்டோடு அவர் வருவதைப் பார்த்தால் எதிர்வீட்டுக் கதவு உள்ளிருந்து தாழ் போட்டுக்கொண்டது.

முத்திருளன் வந்தான், தின்றான், ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது தடவையும் கூட்டு வாங்கிக்கொண்டான். இப்போது அவன் உரக்கடையிலும் ஏ, பி பாட்டில்கள் இருக்கின்றன. வாங்க வருகிறவர்களிடம் அவன் சொல்வதாகக் கேள்வி:

"ரெண்டையும் ஒண்ணா ஊத்திராதீங்கண்ணே. திருநகர்ல எங்க மச்சான் ஒருத்தரு இருக்காரு, பி.டி. வாத்தியாரு..."

வாடிப்பட்டி வட்டாரத்தில் விவசாயிகள் மத்தியில் தன் பெயர் அடிபடுகிறது என்று சார் ஆசிரியர் அறையில் சொல்லிக்கொள்கிறார். எதற்காக அடிபடுகிறது என்று அங்கே யாரும் இதுவரை கேட்கவில்லை.