முதலில் ஆளை வெளியே எடு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் அவருக்கு நல்ல பெயர். கதவு திறந்ததும் "எப்படி மாட்டினீங்க?" என்று ஒருநாளும் கேட்க மாட்டார். பையிலிருந்து பாட்டிலை எடுத்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்பார். வெளியில் அவ்வளவு நிதானம். வீட்டில்தான் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றித் துடைத்து, ஓடாமல் செய்து, மறுபடி ஓடவைத்தால்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிறு கம்ப்யூட்டரின் முறை. எங்கள் மகள் ஒரு கார்ட்டூன் படம் செய்திருந்தாள். ஒவ்வொரு அசைவும் அவள் கையால் வரைந்தது. அதில் வரும் பூனை வாலைத் திருப்புவதற்கே பல நாள் ஆயிற்று. அன்று மாலைக்குள் அனுப்பினால்தான் அனிமேஷன் கல்லூரியில் இடம் கேட்க முடியும். "மத்தியானம் இன்னொரு தடவை பார்த்துட்டு அனுப்பிடறேம்மா" என்று சொல்லிவிட்டு விடியற்காலையில்தான் தூங்கப் போனாள். படம் அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் இல்லை. அதற்காக அவளைத் திட்ட எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அதற்குள் அவளைவிடப் பெரிய ஆள் அகப்பட்டுவிட்டார்.

திரையின் மூலையில், 'புதிய பதிப்பு தயார், இப்போதே மாற்றலாமா?' என்று ஓர் அறிவிப்பு. பிள்ளை எழுந்து வரும்போது எல்லாம் புதிதாக இருக்கட்டுமே என்று இவருக்குப் பாசம் பொங்கிவிட்டது. சரி என்று அழுத்தினார். பாதி ஏறியதும் சதவீதம் நின்றது. 'கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்' என்று திரை கெஞ்சிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இவர் தொழிலில் முதல் பாடமே வேறு: நகராமல் நின்றால் மெயினை அணை. நேராகப் போய் வீட்டு மெயினையே அணைத்துவிட்டார். என் வாஷிங் மெஷினும் சேர்ந்து நின்றது.

"என்னங்க, கரண்ட் போச்சா?"

"இல்ல, நான்தான். கம்ப்யூட்டர் நடுவுல நின்னுடுச்சு."

மெயினைப் போட்டதும் கம்ப்யூட்டர் எழுந்தது, சுற்றியது, அணைந்தது, மறுபடி எழுந்தது. அதையேதான் திரும்பத் திரும்பச் செய்தது. மகள் வந்து பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. திரும்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நல்லா இருந்ததை எதுக்குங்க தொட்டீங்க? கை அரிச்சா என் தலையைக் கழட்டியிருக்கலாமே!"

அவருக்கு வேலைக்குப் போகும்போது வருகிற முகம் வந்துவிட்டது. "நீ போய் அவ கதவுகிட்ட உட்காரு. பேசிக்கிட்டே இரு."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. வெளிய ஆள் இருக்குன்னு உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியணும்."

பிறகு கம்ப்யூட்டர் கடைக்காரரை போனில் பிடித்தார். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம் சார்" என்றார் கடைக்காரர்.

"அது ஓடுதா இல்லையாங்கிறது அப்புறம். முதல்ல உள்ள இருக்கிறதை வெளிய எடுக்கணும். முடியுமா?"

"ஓ, டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா எடுத்துடலாம். அதுக்கு ஒரு கேபிள் இருக்கு, வாங்க."

அவர் ஓடினார். நான் கதவடியில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்து மின்விசிறி நின்றதும் இவர் ஸ்டூல் மேல் ஏறிவிட்டதையும், போட்டோக்காரர் மாப்பிள்ளையைத் தேடி அலைந்ததையும் சொன்னேன். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஃபேன் சரியாச்சாம்மா?"

"அது சரியாச்சு. பக்கத்து ஃபேன் நின்னுடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கூடத்திலிருந்து "வந்துடுச்சு!" என்று குரல். கேபிளோடு திரும்பிவந்து, கழற்றிய டிஸ்க்கை என் ஆபீஸ் லேப்டாப்பில் மாட்டியிருந்தார். மகள் ஓடிவந்து படத்தைத் திறந்தாள். பூனை வாலைத் திருப்பியது. முதல் வேலையாகப் படத்தைப் பென் டிரைவிலும் ஏற்றிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து கல்லூரிக்கு அனுப்பினாள். 'கிடைத்தது' என்று பதிலும் வந்தது.

அதன் பிறகுதான் அவர் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி, பழைய பதிப்புக்கே திரும்பும் வழியைத் தேர்ந்தெடுத்தார். இந்த முறையும் சதவீதம் பாதியில் நின்றது. அவர் கையைக் கட்டிக்கொண்டார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று மெயின் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். வெகுநேரம் கழித்து அது தானாகவே நகர்ந்து, பழைய திரை வந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி உருண்டது. "உன் படம் போயிருந்தா..." என்று ஆரம்பித்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

எதற்குத் தொட்டீர்கள் என்று மகள் கேட்கவில்லை. அவருடைய பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினாள்.

"தண்ணி குடிக்கிறீங்களாப்பா?"