பழசுல வெள்ளி இருக்கும்

என் வீட்டுக்காரர் துபாய்ல கிடங்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரே ஒரு தரம்தான் வந்தார். போன மாசி மாசம் ஒரு நாள் காலையில வீடியோ கால்ல வந்தவர், சாப்பிட்டியான்னுகூடக் கேக்காம கிரிப்டோ காயின் ஒண்ணைப் பத்தி ஆரம்பிச்சிட்டார். கூட வேலை செய்யறவர் ஒருத்தர் அந்தக் காயின்லயே ஊருக்குப் பணம் அனுப்பினாராம். பேசி முடிக்கறதுக்குள்ள போய்ச் சேந்துடுச்சாம். காசு கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வருது, கட்டின மனுஷன் வரதுக்குத்தான் வருஷக்கணக்கா ஆவுதுன்னு சிடுசிடுத்தேன். அவர் சிரிக்கல.

ஆரணியில சொந்தமா ஒரு ஜவுளிக்கடை வெக்கணும்னு நாங்க சேத்த பணம் என் பேர்ல பேங்க்ல கெடந்தது. அதை இதுல போட்டு, விலை ஏறிடுச்சுன்னா தீபாவளிக்கு மூட்டை முடிச்சோட வந்துடுவாராம். இல்லன்னா அங்கயே இன்னும் ரெண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடணும். "இது நேத்து மொளைச்ச காயின் இல்ல. பழசு. பழசுன்னா இன்னான்னு உனக்கே தெரியுமே"ன்னார்.

தெரியும். நான் வேலை செய்யற கடையில பழைய பட்டுப்புடவை எடுக்கறோம், ஜரிகையில இருக்கற வெள்ளிக்காக. புதுசைக் கொண்டாந்தா முகம் கொடுத்துப் பேச மாட்டோம். பழசுன்னா உக்காரச் சொல்லுவோம். அந்த ஒரு வார்த்தையில நான் கவுந்துட்டேன். வந்தா செருப்பை எங்க விடுவார், கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பார்னு வரைக்கும் யோசிச்சுகினு திரிஞ்சேன். அவ்ளோ ஆசை.

கடையிலேந்து பேங்குக்குப் போகலாம்னு கெளம்பின அன்னிக்கு, சந்தவாசல்லேந்து ஒரு அம்மா அவங்க கல்யாணப் புடவையைக் கொண்டாந்தாங்க. ஜரிகையை உரசினேன். செம்பு. அந்தம்மா நம்பல, முப்பது வருஷத்துப் புடவைம்மா, நல்லாப் பாருன்னாங்க. "பழசுதாங்க. ஆனா வெள்ளி கெடையாது"ன்னேன். சொன்ன வாய் அப்படியே நின்னுடுச்சு. பேங்குக்குப் போகல.

மறுநாள் அவர்கிட்ட, அந்தக் காயினை உரசினா உள்ள இன்னா தெரியும்னு கேட்டேன். இத்தனை வருஷமா நிக்குது, வேகமாப் போவுது, கமிஷனும் கம்மின்னு அடுக்கினார். வேகமாப் போறது அனுப்பறவனுக்கு நல்லது, வாங்கி வெச்சிகினு உக்காந்திருக்கற நமக்கு அதுல இன்னா இருக்குதுன்னேன்.

"அப்ப வேணாம்னு சொல்றியா?"

அவர் காயினைப் பத்திக் கேக்கலைன்னு எனக்குத் தெரியும். "வேணாங்க"ன்னேன்.

அந்த வாரமே ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டார்.

இன்னமும் தினம் காலையில போன்ல அந்தக் காயின் விலையைப் பாக்கறேன். அன்னிக்கு இருந்ததுல பாதிதான் இருக்குது. போன வாரம் அவரும் பாத்துட்டு, நம்ம பணம் தப்பிச்சுது, நீ கெட்டிக்காரின்னு மெச்சினார். எனக்கு வந்துச்சே கோவம். பக்கத்துல இருந்திருந்தா முதுகுலயே ஒண்ணு போட்டிருப்பேன். பக்கத்துல இல்லையே.