உட்கார்ந்து குடிக்கும் குருவி

எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக் கிணற்றடியில் ஒரு மாதுளை நின்றது. ஜார்ஜ் மன்னர் முடிசூட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்த வருஷம், அந்த மாதுளைக்கு வந்த தேன்சிட்டை நான் ஒரு வாரம் வேவு பார்த்தேன். எல்லாம் அத்தைக்காகத்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான மறு வருஷமே மாமா டிரினிடாட் தீவுக்கு மிஷன் உபதேசியாராகப் போய்விட்டதால் எங்களோடு இருந்தாள். எனக்குத் தலை பின்னுவது, சோறு போடுவது, பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது எல்லாம் அவள்தான். அம்மாவுக்குத் தம்பிகளைப் பார்க்கவே பொழுது போதாது.

மாமாவின் கடிதம் வந்தால் உடனே பிரிக்கக் கூடாது. சாயங்கால ஜெபம் முடிந்ததும், வேதத்தில் சங்கீதம் வாசித்த அதே குரலில் அப்பா அதையும் உரக்க வாசிப்பார். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை வீடே கேட்கும். பாவம், மாமாவும் அது தெரிந்து அளந்துதான் எழுதுவார். அந்தத் தடவை, அத்தை புறப்பட்டு வர வேண்டும் என்று ஒரே ஒரு வரி; மீதிப் பக்கமெல்லாம் ஒரு குருவி. பெருவிரல் அளவுதான் இருக்குமாம். கழுத்து மின்னுமாம். கிளையில் உட்காராமல், பூவுக்கு முன்னால் காற்றிலேயே நின்று தேன் குடிக்குமாம்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"முன்னபின்ன தெரியாத ஊரு. அங்கன போய் நீ என்ன செய்வே?" என்றார்.

"நம்ம மாதுளைக்கு வருதே, அந்தக் குருவிதான் அங்கனயும் இருக்காம். பெறவு என்ன பயம், அண்ணே?" என்றாள் அத்தை.

அத்தை போய்விட்டால் நான் என்ன ஆவது? ஒன்பது வயதிலேயே கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் நான். அது வேறு குருவி, இது வேறு குருவி என்று காட்டிவிட்டால் அத்தை பயந்து தங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் சிலேட்டோடு துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தேன். கருநீலத்தில் மினுமினுக்கும் ஒன்று, பழுப்பு முதுகும் மஞ்சள் வயிறுமாக ஒன்று. முதலில் வேறு வேறு இனம் என்றுதான் எண்ணினேன்; சேர்ந்தே வந்து சேர்ந்தே போனதைப் பார்த்துத்தான் சோடி என்று புரிந்தது. உட்கார்ந்து குடித்தால் ஒரு கோடு, காற்றில் நின்று குடித்தால் ஒரு வட்டம். சனிக்கிழமைக்குள் சிலேட்டு முழுக்கக் கோடுகள். வட்டம் ஒன்றே ஒன்று. கருநீலக் குருவி கண் இமைக்கும் நேரம் ஒரு பூவுக்கு முன்னால் நின்று தொலைத்துவிட்டது, சனியன்! அதை எச்சில் தொட்டு அழித்தேன். பத்துக் கட்டளைகளையும் தப்பில்லாமல் ஒப்பிக்கிற பெண்தான்.

அன்று ஜெபம் முடிந்ததும் சிலேட்டை நீட்டினேன்.

"அத்தே, நம்ம குருவி காம்புல உக்காந்துதான் குடிக்குது. மாமா எழுதுனது இது இல்ல."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? குருவிகூட வேறயாம்லா!" என்றார்.

அத்தை சிலேட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"உக்காராமலேயே குடிக்குமா? அப்படின்னா அதைப் போய்ப் பாக்கத்தான் வேணும், அண்ணே."

ஐயோ, நான் அழுத அழுகை! வட்டத்தை அழித்ததையும் சொல்லிவிட்டேன். "இதுவும் நிக்கும் அத்தே, நான் பாத்தேன். இங்கனயே பாக்கலாம், போகாதிய!" அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஏட்டி, அழாத" என்றாளே தவிர, போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம், கொழும்பு வழியாகப் போகும் ஒரு மிஷன் குடும்பத்தோடு தூத்துக்குடியில் கப்பல் ஏறினாள். நான் பாட்டுக்குச் சிலேட்டைக் காட்டாமல் இருந்திருந்தால் அவள் போயிருக்கமாட்டாள் என்று என்னை நானே வைதுகொண்டேன்.

பல மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. மாமா சுகம், தானும் சுகம், வீட்டுக்குப் பின்னால் கத்தரி போட்டிருக்கிறார்கள். குருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உண்மையிலேயே அது உட்காருவதில்லையா என்று கேட்டு எழுதினேன். இன்னும் பார்க்கவில்லை, பொழுது ஒழியவில்லை என்று பதில் வந்தது.

அத்தனை கடல் தாண்டிக் குருவி பார்க்கப் போனவளுக்குக் குருவி பார்க்கப் பொழுதில்லையா? எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் அவளுக்காக ஜெபம் பண்ணவில்லை.