எண்ணெய் காணாத நீல முடி

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சிறிதும் ஐயமின்றி நம்பப்பட்ட செய்தி இது: என் மகன் கார்த்திக்கு ஒரு பெண்ணோடு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது, அந்தப் பெண்ணின் தலைமுடி நீல நிறம்.

சான்று இருந்தது. அவனுடைய சட்டைகளில், தலையணையில், ஒருமுறை சாம்பார்க் கரண்டியின் காம்பில்கூட… வான நீலத்தில், முழ நீளத்துக்கு, மின்னும் இழைகள். துணி துவைக்கும்போது அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து வைத்தவர் என் கணவரின் அக்கா. எங்கள் மல்லசமுத்திரம் பக்கத்தில் கணவரின் சகோதரியை நங்கையாள் என்போம். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், தம்பி வீட்டையே தன் வீடாகக் கொண்டவர். தம்பியும் காலமான பிறகு இந்த வீட்டில் மூவர்தான் — நங்கையாள், நான், பொறியியல் கல்லூரியில் இறுதி ஆண்டு படித்துக்கொண்டிருந்த கார்த்தி.

ஒருநாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அம்மிணி, முடிக்கு நீலச் சாயம் பூசறவ இந்த ஊட்டுக்கு மருமவளா வந்தா, என்னைய இங்க வெச்சுக்குவாளா?"

யார் வந்தாலும் உங்கள் இடம் இதுதான் என்றேன். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை. தம்பி இருந்தவரை அது தம்பி வீடு. இப்போது தம்பி மகன் ஒருவனே பிடிமானம். அந்தப் பிடிமானத்தின் சட்டையில் நீல முடி. பயப்படாமல் என்ன செய்வார்?

கார்த்தியின் அறை மாடியில். ஒருநாள் பூட்டாமல் போய்விட்டான். பெருக்கிவிட்டு வருகிறேன் என்று நங்கையாள் விளக்குமாற்றோடு கிளம்பினார். ஓர் அறையைப் பெருக்க இரண்டு பேர் எதற்கு என்று கேட்காதீர்கள். நானும் போனேன்.

கதவைத் திறந்தால், ஜன்னலைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி, நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்காலி முதுகில் கார்த்தியின் சட்டை. அதன்மேல் இடுப்பு வரை வழிந்த நீல முடி.

நங்கையாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கோபம் வேறு, மரியாதை வேறு என்பது எங்கள் பக்கத்து வளர்ப்பு.

"ஏனுங்க அம்மிணி, செத்த இப்படித் திரும்புங்க."

பதில் இல்லை.

"காது கேக்காத புள்ளையாட்ட இருக்குது," என்று என்னிடம் முணுமுணுத்தார். குரலில் அதற்குள் இரக்கம் சேர்ந்துவிட்டது.

நான் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன். இரண்டு தலையணைகள். அவற்றின்மேல் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் குடம் — வீடு முழுக்க நாங்கள் தேடிக்கொண்டிருந்த அதே குடம். குடத்துக்கு மேல் விக். முகம் இருக்க வேண்டிய இடத்தில் என் முகமும், என் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்த நங்கையாளின் முகமும் சற்றே உப்பித் தெரிந்தன.

மாலையில் விசாரணை நடந்தது. காஸ்ப்ளே என்றான் கார்த்தி.

"காசுப்புள்ளையா? அது யாரு ஊட்டுப் புள்ள?"

புள்ளை இல்லை அத்தை, வேடம் கட்டுவது என்று விளக்கினான். ஜப்பானியப் படக்கதை ஒன்றில் வரும் போர்வீரன். சேலத்தில் ஒரு கல்லூரி விழாவில் போட்டி. அந்த வீரனாக மேடை ஏறப்போகிறான். வகுப்பில் எழுந்து நின்று சந்தேகம் கேட்கவே கூசுகிற பையன் மேடை ஏறுகிறேன் என்கிறான்! அதுவே எனக்குப் பெரிய செய்தி. நங்கையாளுக்கோ, பெண் இல்லை என்பதே போதுமாக இருந்தது. அன்று இரவு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

செயற்கை விக்கைப் பராமரிக்கும் முறையை எனக்கு மட்டும் விரிவாகச் சொன்னான் கார்த்தி. அது முடியே அல்ல. நைலான், பாலியெஸ்டர் போன்ற ஒரு நூல். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து முக்கி எடுக்க வேண்டும், கசக்கக் கூடாது. அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே சிக்கெடுக்க வேண்டும். நிழலில் காய வேண்டும். சூடு பட்டால் இழை இளகிப் புது வடிவம் பிடித்துக்கொள்ளும். நெற்றிக்கு மேல் கொம்புபோல எழுந்து நின்ற மூன்று கற்றைகளை ஹேர் டிரையரும் ஸ்பிரேயும் கொண்டு நிறுத்தி வைக்க அவனுக்குப் பல வாரங்கள் பிடித்திருந்தன.

அத்தையிடம் அவன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "தொடாதீங்க."

காரணம் சொல்லாமல் தொடாதே என்றால் எந்தப் பெண்மணி தொடாமல் இருப்பார்?

சந்தேகப்பட்ட குறுகுறுப்போ என்னவோ, நங்கையாள் தினமும் மாடி ஏறி அந்த விக்கைப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் முகம் வாடியே இறங்கினார். வறண்டு கிடக்கிறதாம். நுனியெல்லாம் பரட்டையாம். ஒரு சொட்டு எண்ணெய் கண்டதில்லையாம். எண்ணெய் காணாத தலையை நம் வீடுகளில் எப்படிப் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளை என்று அர்த்தம்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் நான் ராசிபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். கார்த்தி நண்பன் வீட்டில் தன் அட்டைக் கவசத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். பிற்பகலில் நான் திரும்பியபோது கேட்டிலேயே சாம்பிராணி வாசனை.

யாருக்கு எண்ணெய்க் குளியல்? கேள்வி மனதில் எழும்போதே பதிலும் தெரிந்துவிட்டது.

பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி என்பது எங்கள் வீட்டு எண்ணெய்க் குளியல் கணக்கு. போர்வீரன் ஆண். எனவே சனிக்கிழமை. நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி, வேர்க்கால் வரை ஊற வைத்து, எண்ணெய் போக்கும் அரப்பு இலைத் தூள் தேய்த்து, வெந்நீர் வார்த்து, ஆவி பறக்கப் பறக்க இறுக்கமாக ஒற்றைச் சடை பின்னி… முற்றத்தில் குடத்தின் தலையிலிருந்து அந்தச் சடை கனமாகத் தொங்கியது. கீழே சாம்பிராணிப் புகை. வான நீலம் அரப்பின் தயவால் இளம் கத்தரிக்காய்ப் பச்சைக்குப் போயிருந்தது. மூன்று கொம்புகளும் பணிவோடு படிந்து, நடுவில் வகிடு.

சற்று நேரத்தில் கார்த்தி வந்தான். பார்த்தான். கவசத்தைக் கையில் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை… சுடுதண்ணியா ஊத்துனீங்க?"

"எண்ணெய் போகோணுமில்ல சாமி. நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் ஊத்துனேன். உள்ள தலையா இருக்குது, சுடுதுன்னு சொல்றதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றது. நங்கையாளும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று புரிந்தது, எதுவென்றுதான் புரியவில்லை. அரப்புப் படிந்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னார்.

"எண்ணெய் காணாத தலையோட மேடை ஏறுனா, நாலு பேரு என்ன சொல்லுவாங்க? இந்தப் பையனுக்கு ஊட்டுல யாருமே இல்லையான்னு கேக்க மாட்டாங்களா கண்ணு?"

கார்த்தி கவசத்தைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து, பாத்திரம் கழுவும் திரவத்தை எடுத்து வந்தான். "எண்ணெய் எடுக்கோணும். நீங்க பச்சத் தண்ணி ஊத்துங்க அத்தை," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். என் மகனை நினைத்து நான் பெருமைப்பட்ட தருணங்கள் சில உண்டு; பட்டமளிப்பு விழாவைவிட இதையே முன்னால் வைப்பேன்.

பின்னலை அவிழ்த்தால் சிக்காகிவிடும் என்பதால் சடையோடு முக்கி, அலசி, மறுபடியும் முக்கினோம். துணிக்குப் போடும் கண்டிஷனரில் கடைசியாக ஒரு முழுக்கு. பெரும்பகுதி எண்ணெய் போனது. சாம்பிராணி வாசனை போகவேயில்லை.

காலையில் சடையை அவிழ்த்தபோதுதான் அதிசயம். கொதிநீரில் இளகி, பின்னலுக்குள்ளேயே ஆறிய இழைகள், உச்சியிலிருந்து இடுப்பு வரை அலை அலையாக நெளிந்து நின்றன. கொம்புகள் எழவில்லை. நம் ஊர்ப் போர்வீரன் வகிடு எடுத்து, தலை குளித்து, மணக்க மணக்க யுத்தத்துக்குப் புறப்பட்டான்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர் ஒருவர், எந்தத் தொடரில் இந்த வீரனுக்கு வகிடு உண்டு என்று கேட்டாராம். எங்கள் அத்தை வீட்டில் உண்டு என்று மைக்கிலேயே சொன்னானாம் இவன். அரங்கமே சிரித்ததாம். அன்றோடு போயிற்று அவனுடைய கூச்சம்.

மேடையிலிருந்து இறங்கியவனை ஓமலூர்க்காரப் பெண் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். அவளும் போட்டியாளர், பெயர் மீனா. இந்த அலை எப்படி வந்தது, எந்தக் கருவி, எவ்வளவு சூடு என்று கேட்டிருக்கிறாள். இவன் ஆளையே காட்டுகிறேன் என்றிருக்கிறான். அடுத்த வாரமே இரண்டு விக்குகளைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வந்துவிட்டாள்.

நங்கையாள் முதலில் பார்த்தது அவள் தலையைத்தான். கறுப்பு. படிய வாரிய, எண்ணெய் வைத்த ஒற்றைச் சடை. ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் வெந்நீர் வைத்தார். எண்ணெய்ப் பாட்டில் பக்கம் கை போனபோது மட்டும் நான் லேசாக இருமினேன்.

நாம் ஒருவரைப் பேணுவது என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிந்த எண்ணெயை அவர்கள் தலையில் வைப்பதுதான். அவர்கள் தலை எதனால் ஆனது என்று முதலில் கேட்டுக்கொண்டால் இரு தரப்புக்கும் அரப்புச் செலவு மிச்சம். கேட்காமல் வைத்துவிட்டாலும்… உட்கார்ந்து சேர்ந்து அலசலாம்.

மீனா அதற்குப் பிறகு பலமுறை வந்தாள். ஒருநாள் மருமகளாகவே வந்தாள். இருவருக்கும் புனேயில் வேலை. கிளம்பும் முன் நங்கையாளின் துணிகளை அவளே ஒரு பையில் அடுக்கினாள். "எங்ககூட வாங்க அத்தை. நீங்க இல்லாம அங்க ஊடு ஊடா இருக்காது," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

நங்கையாள் பையிலிருந்து தன் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

"நானும் வந்துட்டா உங்க மாமியா தனியா ஆயிருவா சாமி. நீங்க போயிட்டு வாங்க."

அவர்கள் புனேயில் இருக்கிறார்கள். இந்த வீட்டில் நங்கையாள் இருக்கிறார், நான் இருக்கிறேன்.