வராமல் போன ஒரு பேக்கேஜ்

தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடியது. பார்த்துக்கொண்டது நான். படித்தது எட்டாம் வகுப்பு வரை.

புதுப்பிக்க வேண்டிய மென்பொருள் பேக்கேஜ்களை ஹட்டனில் ஒரு கடையில் இன்டர்நெட்டில் இருந்து இறக்கி, சிடியில் எழுதி வாங்கி வருவேன். ஒரு தடவை பட்டியலில் இருந்த ஒன்று சிடியில் இல்லை. அது இல்லாமல் ஏற்றாதே என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. வேலைக்குப் போகுமுன் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஒரு ஆள் இல்லையென்றால் மற்றவர்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமலா இருக்கிறார்கள்? வம்பாக ஏற்றினேன். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டது.

அன்றைக்கே பக்கத்து லயத்து வீட்டில் இருக்கும் அக்கா வந்தார். மகளின் அடையாள அட்டைக்கான கடிதத்தை மறுநாள் கொடுக்காவிட்டால் பரீட்சை எழுத முடியாது. கையால் எழுதியதை அலுவலகத்தில் ஏற்கெனவே திருப்பிவிட்டார்கள்; டைப் அடித்துத்தான் தர வேண்டுமாம்.

நடந்ததைச் சொன்னேன்.

"வராதது யாருன்னு பாத்தீங்களா தம்பி? கொழுந்து நிறுக்கிற ஆளு வரலைன்னா நாங்க கூடைய வச்சிக்கிட்டு என்னத்த பண்றது?" என்றார்.

"இருங்கக்கா. போய்க் கூட்டிட்டு வர்றேன்."

மழையில் பஸ் ஏறினேன். கடையில் லைன் மூன்று தடவை அறுந்தது. நான் நகரவில்லை. நாலாவது தடவை முழுதாக இறங்கியது.

திரும்பி வந்தபோது அக்கா வாசிகசாலை பெஞ்சிலேயே காத்திருந்தார்.

"ஆளு வந்துட்டாரா?"

"வந்துட்டாருக்கா."

ஏற்றினேன். எழுத்து வந்தது. கடிதம் அச்சானது.

அதற்குப் பிறகு பட்டியலை ஒவ்வொரு பேராக வாசித்து, சிடியில் இருக்கிறதா என்று பார்த்த பின்தான் ஏற்றுவேன்.