எந்த எலிக்கும் எழுதாத சொல்

கூண்டக்கா கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறை ஐந்து மாதம் நீடித்தது.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் நாலாவது மாடியில் எலிகள் வளர்க்கும் கூடம் இருக்கிறது. பதினேழு வருடமாக அங்கே கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, தீனி வைப்பவர் அவர். எந்நேரமும் கூண்டும் கையுமாக நிற்பதால் அந்தப் பெயர். இயக்குநர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நான் தரைத்தளத்தில் குமாஸ்தா. ஊழியர்களின் கோப்புகள் என் பொறுப்பு.

கூண்டக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே சீக்கிரம் மூச்சு வாங்கும். டாக்டர்கள் பார்த்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பயிற்சி முடிந்ததும், கடைசியாக வருகிறவள் மற்றவர்களின் செருப்புகளைச் சாக்கில் போட்டு வகுப்புவரை சுமக்க வேண்டும். அது விளையாட்டு வாத்தியார் கண்டுபிடித்த தண்டனை. ஆறு வருடத்தில் ஒரு வாரம்கூட அந்தச் சாக்கு வேறொருத்தி தோளுக்குப் போகவில்லை. அவருடைய தங்கையோ ஓடுவதற்கென்றே பிறந்தவள். "ஒரே வயித்துல பொறந்தீங்க, ஒரே சோறு திங்கறீங்க. உனக்கு மட்டும் என்ன வந்தது? சோம்பேறி!" என்று அம்மா திட்டுவாள். கூண்டக்கா அதை அப்படியே நம்பினார். முப்பது வருடம் நம்பினார். அதனாலேயே எல்லோருக்கும் அரைமணி நேரம் முன்னால் வேலைக்கு வந்துவிடுவார். மாடி ஏற நேர்ந்தால் இரண்டாவது மாடியில் நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல மூச்சு வாங்கிக்கொள்வார். நிலையத்தில் எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் முதலில் தெரிந்தவர் அவர்தான்.

அந்த வருடம் ஆய்வு மாணவி ஒருத்தி எலிகளை ஓடவிட்டாள். பதினோரு வம்சத்து எலிகள். ஒரே வயது, ஒரே தீனி, ஒரே அறை. எதற்கும் முன்பயிற்சி கிடையாது. சின்ன டிரெட்மில்லில் விட்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பின்னால் ஒரு கம்பித் தட்டு. எலி ஓடாமல் அதில் உட்கார்ந்தால் லேசாக மின்சாரம் சுள்ளென்று இழுக்கும். மூன்று முறை உட்கார்ந்துவிட்டால் களைத்துவிட்டது என்று எடுத்துவிட வேண்டும். எடுக்கிற வேலை கூண்டக்காவுக்கு. மூன்றாவது முறை அது உட்காரும் முன்பே அவர் கை டிரெட்மில்லுக்குள் போய்விடும். மாணவி அதட்டினாலும் போகும்.

ஒரு வம்சம் ஒன்றேகால் மணி நேரம் சளைக்காமல் ஓடியது. இன்னொன்று இருபது நிமிடத்தில் நாக்குத் தள்ளிவிட்டது.

"ஏம்மா, இதுங்களுக்கு நான் தீனி குறைச்சு வைக்கலையே?" என்று பயந்துபோய்க் கேட்டார் கூண்டக்கா.

"உங்க மேல தப்பே இல்லக்கா. இது பொறப்புலயே வர்றது. சிலதோட இதயம் ஒரு துடிப்புக்கு நெறைய ரத்தம் தள்ளும், சிலதோடது கொஞ்சமாத் தள்ளும். பழக்கினா எல்லாமே இன்னும் கொஞ்சம் அதிகமா ஓடும். ஆனா தொடங்குற எடமே ஒவ்வொண்ணுக்கும் வேற."

அன்றைக்குக் கூண்டக்கா அந்த இருபது நிமிட எலிகளின் கூண்டைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார் என்று மாணவி பிற்பாடு சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து லிஃப்ட் படுத்துவிட்டது. அதே வாரம் புது நிர்வாக அதிகாரி வந்து சேர்ந்தார். காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறவர், அதைத் தினமும் நாலு பேரிடமாவது சொல்லாமல் இருக்கமாட்டார். லிஃப்டைச் சரி செய்யச் சொல்லிக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? மாடி ஏறினா ஒடம்புக்கு நல்லது" என்றார். அப்புறம் ஒரு தேர்வு வைத்தார். கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் பதினைந்து கிலோ தீனி மூட்டையை மூன்று நடை நாலாவது மாடிக்குத் தூக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடத்துக்குள். கையில் ஸ்டாப்வாட்சோடு அவரே படிக்கட்டில் நின்றார்.

ஐந்து பேரில் இரண்டு பேரால் முடியவில்லை. ஒருவர் கூடம் பெருக்கும் பெரியவர். மற்றவர் கூண்டக்கா. மூன்றாவது நடையில், இரண்டாவது மாடியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது.

"மனசு வச்சா முடியும்மா. மனசுதான் இல்ல" என்றார் அதிகாரி.

அன்று மதியம் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'உழைப்பில் நாட்டமில்லை. சோம்பல் குணம். இப்பணிக்குத் தகுதியற்றவர்.' இரண்டு பேர் கோப்பிலும் அதே வரி. அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை போய்விடும். என் விரல் கொஞ்சம் தயங்கியது. தயங்கியதே தவிர நிற்கவில்லை. அதை இன்றைக்கும் என்னால் சகிக்க முடியவில்லை.

பெரியவர் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து வரவில்லை. கூண்டக்கா தாளை வாங்கி, படித்து, என் மேஜைமேல் திருப்பி வைத்தார்.

"தம்பி, என்னால தூக்க முடியலன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன். சோம்பேறின்னு எழுதினா போடமாட்டேன்."

"அக்கா, நான் வெறும் டைப் அடிக்கிறவன்..."

"பதினேழு வருஷத்துல ஒரு எலி தண்ணியில்லாமச் செத்துதா? கேட்டுட்டு வந்து அடிங்க!"

அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அடுத்த அறையில் தட்டச்சு நின்றது.

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். தங்கை வாங்கிய கோப்பைகள் அலமாரியில் வரிசையாக நிற்கும் வீடு. நடந்ததையெல்லாம் கேட்ட தங்கை அழுதுவிட்டாளாம். "நான் என்னக்கா கஷ்டப்பட்டேன்? காலு பாட்டுக்கு ஓடுச்சு. கப்பு எனக்கு வந்தது, செருப்பு மூட்டை உனக்கு வந்தது. நான் ஒரு நாள்கூட அந்தச் சாக்க வாங்கிக்கலையே" என்றாளாம். அழுகிறவளைத் தேற்றிவிட்டு வந்த கூண்டக்காவுக்குக் கோபம் இரட்டிப்பாகியிருந்தது. மறுநாள் நேரே ஆய்வு மாணவியிடம் போனார்.

"எனக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடும்மா."

அவள் தயங்கினாள். "எலிக்கு வந்த முடிவு மனுஷங்களுக்கும் அப்படியே பொருந்தும்னு நான் எழுத முடியாதுக்கா. தப்பாயிடும்."

"என்னை எலின்னு எழுதச் சொல்லல. நீ எத்தனை எலிய ஓட விட்ட?"

"நூத்திப் பத்து."

"அதுல எத்தனைக்குச் சோம்பேறின்னு எழுதின?"

"ஒண்ணுக்குமே இல்லக்கா."

"ஏன்?"

"எத்தனை நிமிஷம் ஓடுச்சு, எவ்ளோ தூரம் ஓடுச்சு, அவ்வளவுதான் அளந்தேன். அதுங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு அளக்கலையே. அளக்காதத எப்படி எழுத முடியும்?"

"அத எழுதிக் குடு. அது போதும்."

அதை எழுதிக் கொடுத்தாள். கூண்டக்கா இயக்குநருக்கு மனுப் போட்டார். ஒன்றல்ல, நாலு மனு. முதல் மூன்றுக்கும் பதில் வரவில்லை. நாலாவதுக்கு விசாரணை வைத்தார்கள். குறிப்பெடுக்க என்னையும் உட்கார வைத்தார்கள்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "சார், எனக்கும் ஆரம்பத்துல ஓட முடியல. பயிற்சி பண்ணேன், இப்ப ஓடறேன். முயற்சி பண்ணாதவங்களுக்கு எப்பவும் ஒரு சாக்கு இருக்கும்."

கூண்டக்கா எழுந்து நின்றார்.

"சார், இந்த நெலையத்துல ஒரு எலி இருபது நிமிஷத்துல நின்னுட்டா, ஏன் நின்னுச்சுன்னு வருஷக்கணக்கா ஆராயறீங்க. அதோட அப்பன் யாரு, ஆத்தா யாரு, இதயம் எவ்ளோ அடிக்குதுன்னு பாக்கறீங்க. நான் நின்னேன். பன்னெண்டு நிமிஷத்துல சோம்பேறின்னு முடிச்சுட்டீங்க. ஏன் நின்னேன்னு ஒருத்தர் கேக்கல. எலியக்கூட மூணு தடவை உக்கார விடறீங்க சார். என்னை ஒரு தடவைகூட விடல."

இயக்குநர் மாணவியின் கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வரியை எடுத்துடுங்க. குறிச்ச நேரத்துல முடிக்கலன்னு மட்டும் போடுங்க. அவங்க வேலை அப்படியே இருக்கட்டும்" என்றார். அதிகாரிக்கு ஒரு வார்த்தை கண்டிப்புக் கிடையாது. அவர் இப்போதும் தினமும் ஓடுகிறார்.

விசாரணைக்குப் பிறகு லிஃப்ட் ஒரே நாளில் சரியாகிவிட்டது. ஆட்கள் காலையில் வந்து, சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிட்டுப் போனார்கள். இதற்காகவா இவ்வளவும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கூண்டக்கா அதோடு விடவில்லை. "பெரியவர் கோப்புலயும் அதே வரிதானே இருக்கு?" என்று கேட்டார். அவர் மனுவே கொடுக்கவில்லையே, எப்படித் திருத்துவது என்றேன். "அவர் குடுக்கல. நீங்க அடிச்சீங்கல்ல?" என்றார். அன்றே நான் குறிப்பு எழுதி இயக்குநரிடம் வைத்தேன். ஆறு வாரம் இழுத்தடித்துத் திருத்தம் வந்தது.

அடுத்த விடுமுறை நாளில் நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். பெரியவர், தன் மகள் வீட்டு வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வேலைக்குத் திரும்ப வரச் சொன்னோம். வேண்டாம், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றார். தாளை நீட்டினேன். கண்ணாடி கிடைக்காததால் என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அந்த வார்த்த இல்லியா?"

"இல்லீங்க. எடுத்தாச்சு."

"எம் மருமகனுக்கும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.