இவாகிச்சி மேளம் அடித்த பந்தயம்

நாகசாகிக்கு அருகே அந்த மீனவக் குப்பத்தில் இவாகிச்சிக்கு ஈடாகத் துடுப்புப் போட ஆளே கிடையாது. கோடைப் படகுப் பந்தயத்தில் அவன் முன்வரிசையில் உட்கார்ந்தாலே எதிர்த்துறைக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். போர் வந்ததும் படகைக் கொட்டகையில் கவிழ்த்துவிட்டு, இளவட்டங்கள் எல்லோரும் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு முற்பகலில் வானம் வெள்ளையாக எரிந்தது. போனவர்களில் பாதிப் பேர் எலும்பாகக்கூடத் திரும்பவில்லை. இவாகிச்சி உயிரோடு வந்தான். ஆனால் அவன் கைவிரல்கள் வெந்து, ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிட்டன.

அதன்பின் அவன் கடற்கரைப் பக்கமே போகவில்லை. அணுகுண்டு நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, தெருவில் அவனைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்களும் உண்டு.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் படகுத் தலைவன் தொமேஜி மூச்சிரைக்க ஓடிவந்தான். "டேய், மறுபடியும் பந்தயம் விடுறாங்கடா! துடுப்புக்கு ஆள் சேத்துட்டேன், அவங்களுக்குத் தாளம் போட மேளக்காரன்தான் இல்ல. நீ வா!"

"என் கையப் பாத்துட்டா பேசுற?"

"குச்சிய மணிக்கட்டுல கட்டிக்கலாம்டா. தாளம் விரல்லயா இருக்கு?"

இவாகிச்சியின் மனைவி மத்சுயோ அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "கூட்டிட்டுப் போங்கண்ணே! வீட்ல என்னைய அதட்டுற மனுஷன், படகுல போயி உங்கள அதட்டட்டும்."

பந்தயத்தன்று கரையில் கால்வைக்க இடமில்லை. "என்னப்பா, விரலில்லாத மேளமா?" என்று எதிர்த்துறைப் படகிலிருந்து ஒருவன் கத்தினான். குச்சிகளை மணிக்கட்டில் துணியால் கட்டியிருந்த இவாகிச்சி, கொடி இறங்கியதும் ஓங்கி அடித்தான்.

படகு பாய்ந்தது. ஆனால் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பின்தங்கிவிட்டது. புதுப் பையன்களின் கை சோர்ந்தது, துடுப்புகள் ஒன்றோடொன்று இடித்தன. இவாகிச்சி துள்ளி எழுந்தான். முன்பு அந்தந்த இடத்தில் உட்கார்ந்து, குண்டுக்குப் பின் திரும்பி வராதவர்களின் பெயர்களை அடிக்கு ஒன்றாகக் கூவினான்.

"கென்சாகு! யோஹேய்! தாத்சுஜி!"

பையன்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர்களும் சேர்ந்து கூவினார்கள். துடுப்புகள் ஒரே கையாக விழுந்தன. கட்டிய துணிக்குள் தோல் வெடித்து ரத்தம் மேளத்தில் தெறித்தது. அவன் நிறுத்தவில்லை. எதிர்த்துறைப் படகு பக்கத்தில் வந்தது, பின்னால் போனது! கரையே அதிர்ந்தது. முதலிடம் வேறொரு படகுக்குப் போய்விட்டது, அதை யார் கவனித்தார்கள்!

யோஹேயின் தாய் இடுப்பளவு நீரில் இறங்கி ஓடிவந்து படகைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ள பேர இன்னொரு தடவ சொல்லுப்பா!"

இவாகிச்சி மேளத்தை ஓங்கி அடித்துக்கொண்டே சொன்னான். ரத்த நோய் அவனைப் படுக்கையில் தள்ளும்வரை, ஒவ்வொரு கோடையிலும் அந்தப் படகுக்கு அவன்தான் மேளக்காரன்.